பாங்கின் கணக்கும் நம் கணக்கும்

ஒரே பணத்துக்கு இரண்டு இடங்களில் கணக்கு எழுதப்படுகிறது. ஒன்று பாங்கில் எழுதப்படுவது. மற்றொன்று நம் வீட்டில் எழுதப்படுவது. பாங்கு தன் கணக்கை நாள் தவறாமல் எழுதிவிடுகிறது. வீட்டில் எழுதுவோர் சிலரே. எழுதுவோரிலும், இவ்விரண்டு கணக்குகளையும் மாதந்தோறும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போர் மிகச் சிலர். இந்த ஒப்பீட்டின் அவசியத்தையும், கணினியில் உள்ள வீட்டுக் கணக்கு மென்பொருளைக் கொண்டு அதனைச் செய்யும் முறையையும் நம் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் கூலியும் விலையும் கையில் ரொக்கமாக வந்தன. எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டால் கணக்கு முடிந்தது. இக்காலத்திலோ நெசவுக் கூலி, விளைபொருளின் விலை, பிரதம மந்திரி விவசாயிகள் நிதியின் 2,000 ரூபாய்த் தவணை ஆகியவை பாங்குக் கணக்கிலேயே வந்து சேருகின்றன. விதை, உரம், சாயம், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கான பணமும் செல்பேசியின் வழியே அங்கிருந்தே வெளியேறுகின்றது. பணத்தைக் கண்ணால் காணாமலே பெறுகிறோம், காணாமலே கொடுக்கிறோம். ஆகவே கண் செய்த வேலையை இனிக் கணக்கு செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய வழக்கம், புதிய கருவி

ஒப்பிட்டுப் பார்த்துக் குறியிடும் வழக்கம் கணினியோடு பிறந்தது அன்று. இத்தாலி நாட்டுத் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பாச்சியோலி என்பவர் 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட தமது கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கியுள்ளார். குறிப்பேட்டை ஒருவர் படிக்க, பேரேட்டை மற்றொருவர் பார்த்து, ஒத்திருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே செல்லுதல் வேண்டும் என்பது அவர் கூறும் முறை. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பு கணினித் திரையில் நாம் இடும் சிறு குறியும் அதே புள்ளிதான்.

வீட்டுக் கணக்குக்கென்று எழுந்த மென்பொருள்களில் புகழ் பெற்றது, 1983-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இன்ட்யூட் என்னும் கம்பெனி வெளியிட்ட குவிக்கன். அதன் திரை, செக்குப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளும் பதிவேட்டைப் போலவே அமைக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனியும் மணி என்ற பெயரில் ஒன்றை விற்று வந்து, 2009-ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. விலையின்றிக் கிடைப்பதும், எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்கதுமான க்னூகேஷ் என்னும் மென்பொருள் 1998 முதல் வழங்கி வருகிறது. அது இரட்டைப் பதிவு முறையைத் தழுவியது. நம் கணினியிலேயே கணக்கை வைத்துக்கொள்வது. காசு கொடாமல் பெறக்கூடியது என்பதால் இதனையே நாம் உதாரணமாகக் கொள்வோம். மற்றவற்றிலும் முறை ஏறக்குறைய ஒன்றே.

ஏன் வேறுபடுகின்றன?

பாங்கு காட்டும் இருப்பும் நம் ஏட்டின் இருப்பும் வேறுபட்டால் உடனே யாரோ தவறு செய்துவிட்டார் என்று எண்ணிவிடலாகாது. வேறுபாட்டுக்கு மூன்று வகைக் காரணங்கள் உண்டு.

முதலாவது, காலத்தால் வரும் வேறுபாடு. நாம் செக்கு எழுதிய அன்றே செலவு எழுதிவிடுகிறோம். பெற்றவர் அதனைப் பாங்கில் செலுத்தும் நாளில்தான் பாங்கு எழுதுகிறது. செக்கு, தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம் வரை செல்லும். ஆதலின் இவ்வேறுபாடு சில வாரங்கள் கூட நீடிக்கலாம். அதில் குற்றமில்லை.

இரண்டாவது, பாங்கு எழுதியிருக்க, நாம் எழுதாமல் விட்டவை. சேமிப்புக் கணக்கின் வட்டி, குறுஞ்செய்திக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் முதலியன இவ்வகையின. என்றோ ஒரு நாள் ஒப்புதல் கையெழுத்திட்டு மறந்துவிட்ட காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் பணம் தானே கழிந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, பிழை. அது நம் பிழையாகவும் இருக்கலாம். பாங்கின் பிழையாகவும் இருக்கலாம். இடையில் நின்ற இயந்திரத்தின் பிழையாகவும் இருக்கலாம். அரிதாக, பிறர் செய்த மோசடியாகவும் இருக்கலாம். இந்த மூன்றாம் வகையைக் கண்டுபிடிப்பதற்காகவே முதலிரண்டு வகைகளையும் பிரித்து ஒதுக்குகிறோம். பதரைப் புடைத்துத் தள்ளினாலன்றிக் கல் கண்ணில் படுவதில்லை அல்லவா?

ஓர் உதாரணம்

ஒரு நெசவாளர் குடும்பத்தை மனத்திற் கொள்வோம். சிறிது நிலமும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 30-ஆம் தேதி அவர்களுடைய ஏட்டின்படி பாங்கில் இருக்க வேண்டியது 18,240 ரூபாய். பாங்கு அறிக்கை காட்டுவதோ 18,607 ரூபாய். வித்தியாசம் 367 ரூபாய்; அதுவும் பாங்கில் அதிகமாகவே இருக்கிறது. "நமக்கு லாபந்தானே, விட்டுவிடலாம்" என்று பலர் சொல்லக்கூடும். விடாமல் பிரித்துப் பார்த்தால் அந்த 367 ரூபாயின் அடியில் புதைந்திருப்பவை வருமாறு:

1. சாயக் கடைக்கு ஜூன் 27-ல் கொடுத்த செக்கு 4,500 ரூபாய். இன்னும் பாங்குக்கு வரவில்லை.

2. கூலிக்காகப் பெற்று ஜூன் 29-ல் பாங்கில் போட்ட செக்கு 3,200 ரூபாய்; ஜூலையில்தான் வரவாயிற்று.

3. பாங்கு சேர்த்த வட்டி 131 ரூபாய், ஏட்டில் எழுதப்படவில்லை.

4. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 436 ரூபாயும், சுரக்ஷா காப்பீட்டுக்கு 20 ரூபாயும் ஜூன் தொடக்கத்தில் கழிந்துள்ளன. 2022 ஜூன் முதல் தேதி உயர்த்தப்பட்ட விகிதம் இது. ஏட்டில் இல்லை.

5. குறுஞ்செய்திக் கட்டணம் 18 ரூபாய், ஏட்டில் இல்லை.

6. மின்கட்டணம் செலுத்தியது 1,260 ரூபாய். ஏட்டில் 1,620 என்று இலக்கம் மாறி எழுதப்பட்டிருக்கிறது.

7. விதைக் கடையில் செல்பேசி வழியே 950 ரூபாய் செலுத்தியபோது முதன்முறை "தோல்வி" என்று காட்டியது, மறுமுறை செலுத்தினர். பாங்கு இரண்டு முறையும் பணத்தைக் கழித்திருக்கிறது. முதலாவது திரும்ப வரவில்லை.

அங்கத்தினர்கள் ஒரு பென்சிலை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 18,240-உடன் 4,500, 131, 360 ஆகியவற்றைக் கூட்டி, 3,200, 436, 20, 18, 950 ஆகியவற்றைக் கழித்தால் 18,607 வருகிறது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டமையால் வித்தியாசம் சிறிதாகத் தோன்றிற்று. சிறிய வித்தியாசத்தின் அடியில் குடும்பத்துக்குச் சேர வேண்டிய 950 ரூபாய் காணாமற் போயிருந்தது. வித்தியாசத்தின் அளவைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தை மதிப்பிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. பாங்கு காட்டும் 18,607 ரூபாயும் நம் கைவசம் உள்ளதென்று எண்ணி 15,000 ரூபாயை எடுத்துவிட்டால், கூலிச் செக்கு வரவாவதற்கு முன்னரே சாயக் கடையின் 4,500 ரூபாய்ச் செக்கு வருமாயின் அது பணமின்றித் திரும்பிவிடும். செலாவணி முறிச் சட்டத்தில் 1988-ல் செய்த திருத்தத்தின்படி, 1989 ஏப்ரல் முதல், கடனுக்காகக் கொடுத்த செக்கு பணமின்றித் திரும்பி, அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள்ளும் பணம் செலுத்தாவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். பணப் போதாமையால் அன்றிக் கணக்குப் பாராமையால் நாணயம் கெடுவது பரிதாபமல்லவா?

மென்பொருளில் செய்யும் முறை

க்னூகேஷில் பாங்குக் கணக்கைத் திறந்து, ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் ஒரு சிறு சாளரம் தோன்றும். அதில் பாங்கு அறிக்கையின் தேதியையும் முடிவு இருப்பையும் இடுதல் வேண்டும். நம் உதாரணத்தில் ஜூன் 30, 18,607 ரூபாய். தொடக்க இருப்பை மென்பொருள் தானே காட்டும். முன் மாதங்களில் சரிபார்த்து முடித்த பதிவுகளின் கூட்டுத்தொகையே அது. சென்ற மாத அறிக்கையின் முடிவு இருப்பும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையெனில், முன்பு சரிபார்த்த பதிவு எதையோ யாரோ மாற்றியோ அழித்தோ விட்டார் என்பது பொருள். முதலில் அதனைத் தேடிச் சரிசெய்துவிட்டே மேலே செல்லுதல் வேண்டும்.

அடுத்து இரண்டு பட்டியல்கள் தோன்றும். ஒன்றில் கணக்குக்கு வந்தவை. மற்றொன்றில் கணக்கிலிருந்து சென்றவை. பாங்கு அறிக்கையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அதில் காணும் ஒவ்வொரு தொகைக்கும் திரையில் குறியிட்டுக்கொண்டே வருதல் வேண்டும். பாங்கு அறிக்கையில் இராத சாயக் கடைச் செக்குக்கும் கூலிச் செக்குக்கும் குறியிடலாகாது. அவை அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கும். அறிக்கையில் இருந்து ஏட்டில் இராத வட்டி, காப்பீடு, கட்டணம் ஆகியவற்றை அங்கேயே புதிதாக எழுதிக் குறியிட வேண்டும். இருமுறை கழிந்த 950 ரூபாயை விதைச் செலவில் சேர்க்காமல், "பாங்கிடமிருந்து வரவேண்டியது" என்று தனிக் கணக்கில் எழுதிவைத்தால், அது திரும்ப வரும்வரை நம் கண்முன் நின்றுகொண்டிருக்கும்.

சாளரத்தின் அடியில் வித்தியாசம் என்று ஒரு தொகை காட்டப்படும். குறியிடக் குறியிட அது மாறிக்கொண்டே வரும். மேற்கூறியவை யாவும் முடிந்த பின்பு நம் உதாரணத்தில் 360 ரூபாய் எஞ்சி நிற்கும். இவ்விடத்தில் கணக்கர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒரு சூட்சுமம் உதவுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் உண்டாகும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதமின்றி வகுபடும். 360-ஐ ஒன்பதால் வகுத்தால் 40. ஆகவே இலக்கம் மாறிய பதிவைத் தேடுகிறோம். 1,260-க்கு 1,620 அகப்படுகிறது. அதுபோலவே, வரவை மறதியாகச் செலவில் எழுதிவிட்டால் வித்தியாசம் அத்தொகையின் இரு மடங்காகும். வித்தியாசத்தில் பாதியளவுள்ள தொகை ஏட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்கு வழி.

திருத்தியதும் வித்தியாசம் சுழியாகிவிடும். முடித்துவிடும் பொத்தானை அழுத்தினால், குறியிட்ட பதிவுகள் யாவும் சரிபார்க்கப்பட்டவை என்று முத்திரை பெறும். பின்னர் அவற்றை மாற்ற முயன்றால் மென்பொருள் எச்சரிக்கும். ஏட்டின் இருப்பு இப்போது 17,307 ரூபாய். பாங்கின் 18,607-லிருந்து வராத செக்கு 4,500-ஐக் கழித்து, வரவிருந்த 3,200-ஐக் கூட்டினாலும் அதே 17,307. இரு வழியும் ஓரிடத்தில் கூடுகின்றன. பள்ளிப் பாடநூல்களில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று கூறப்படுவது இதுவே. நம் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வோர் இத்தகைய பட்டியலைக் கேட்பதை நிர்வாகக் குழு அங்கத்தினர்கள் அறிவார்கள். சங்கத்துக்கு எது நல்லதோ அது அங்கத்தினர் வீட்டுக்கும் நல்லதே.

வேலை நடுவில் நின்றுபோனால் அஞ்ச வேண்டுவதில்லை. இட்ட குறிகளோடு ஒத்திவைத்துப் பின்பு தொடரும் வசதியும் உண்டு.

விலக்க வேண்டியவை

வித்தியாசம் அகப்படாதபோது, அத்தொகைக்கு ஒரு பதிவை இட்டுச் சமன்செய்துவிடும் பொத்தான் ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது. அதனை அழுத்தினால் வித்தியாசம் மறையும், காரணம் மறையாது. நம் உதாரணக் குடும்பத்தார் முதலிலேயே 367 ரூபாய்க்கு அவ்வாறு செய்திருந்தால், 950 ரூபாய் என்றென்றைக்கும் போயிருக்கும். தேடித் தேடியும் அகப்படாத சில காசுகளுக்கு வேண்டுமானால் அதனைக் கையாளலாம். அப்போதும் காரணம் தெரியாதது என்று எழுதிவைப்பதே நேர்மை.

மற்றொரு விஷயம் இன்னும் நுட்பமானது. பாங்கு அறிக்கையைச் சி.எஸ்.வி. என்னும் அட்டவணைக் கோப்பாக இறக்கி, அப்படியே மென்பொருளில் ஏற்றிவிடலாம். கையால் எழுதும் சிரமம் இதனால் குறைகிறது. ஆனால் வீட்டில் எதனையும் எழுதாமல், பாங்கின் கோப்பை மட்டுமே ஏற்றிப் பின்னர் அதனைப் பாங்கின் அறிக்கையோடு ஒப்பிட்டால், பாங்கின் கணக்கைப் பாங்கின் கணக்கோடேயே ஒப்பிட்டவராகிறோம். அது எப்போதும் ஒத்துத்தான் இருக்கும். இருமுறை கழிந்த 950 ரூபாயும் இரண்டு விதைச் செலவாக அமைதியாக உள்ளே புகுந்துவிடும். வழக்கில் இரண்டு சாட்சிகள் வேண்டுமென்றால் அவர்கள் தனித்தனியே கண்டவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வதால் பயனில்லை. ஆதலின், கொடுத்த அன்றே, வாங்கிய அன்றே நம் கையால் எழுதிவைப்பது முக்கியம். அதன் பின்பு பாங்கின் கோப்பை ஏற்றினால், தேதியையும் தொகையையும் கொண்டு மென்பொருள் இரண்டையும் இணைத்துக் காட்டும். இணைத்தது சரியா என்று நாம் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். இல்லாவிடில் ஒரே செலவு இருமுறை பதிவாகிவிடக்கூடும்.

சொற்களாலும் மயக்கம் வருவதுண்டு. நாம் பாங்கில் பணம் போட்டால் அது நமக்குச் சொத்து. ஆகவே இரட்டைப் பதிவு முறையில் நம் ஏட்டின் பாங்குக் கணக்கில் அது பற்று. பாங்குக்கோ அது நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். ஆகவே பாங்கின் ஏட்டில் அது வரவு. ஒரே தொகை இரண்டு ஏடுகளில் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பது முறைதான். கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தோன்றுவது போன்றது இது என்று கொண்டால் குழப்பமில்லை.

காலம் தாழ்த்தலாகாது

பிழை கண்டதும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இதில் நாள் கணக்கு உண்டு. ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட உத்தரவு, பாங்கின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றிப் பிறரால் நிகழ்ந்த மின்வழி மோசடியை, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏதுமில்லை என்று வகுத்தது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் அறிவித்தால் நஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. அதற்கு மேற்பட்டால் அந்தந்தப் பாங்கின் கொள்கைக்கு விட்டது. கூட்டுறவு பாங்குகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இத்தகைய உத்தரவு வந்தது. 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட மற்றோர் உத்தரவோ, தோல்வியுற்ற செலுத்தல்களுக்கு நாள் குறித்தது. கடைக்குச் செலுத்தியது உறுதியாகாமல் பணம் மட்டும் கழிந்திருந்தால் ஐந்து நாட்களுக்குள் தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்பது அதன் விதி. இத்தகைய விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுபவை. புகார் கொடுக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பாங்கிலேயே கேட்டு அறிதல் நன்று.

மூன்று நாள் கெடுவுள்ள காரியத்துக்கு மாதம் ஒருமுறை ஒப்பிடுவது எவ்வாறு போதும் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்பேசியில் வரும் செய்திகளை அன்றாடம் பார்ப்பதும், வாரம் ஒருமுறை ஏட்டோடு ஒத்துப் பார்ப்பதும் காவல்; மாத முடிவில் முழுமையாகச் சரிபார்ப்பது தணிக்கை. காவல் தவறவிட்டதைத் தணிக்கை பிடிக்கும். இரண்டும் வேண்டும்.

வேறொரு காவலையும் மறக்கலாகாது. நம் கணினியிலுள்ள கணக்கேட்டில் வரவு செலவை எழுதுவதற்குப் பாங்கின் கடவுச்சொல்லோ, ஒருமுறைக் குறியெண்ணோ தேவையில்லை. கணக்கைச் சரிபார்த்துத் தருகிறோம் என்று அவற்றை எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. கணக்குக் கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்திலும் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும்.

அங்கத்தினர்களுக்கு

கணினி இல்லாத வீட்டாரும் இதனைச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகமும், பதிவு செய்து வாங்கிய பாஸ் புத்தகமும், ஒரு பென்சிலும் போதும். மென்பொருள் கூட்டிக் கழிக்கும் சிரமத்தைத்தான் நீக்குகிறது. பார்க்கும் கண் நம்முடையதே. பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளிடம் கணினி வேலையை ஒப்படைத்து, பெரியோர் அறிக்கையைப் படிக்கப் பிள்ளைகள் குறியிட்டு வந்தால், பாச்சியோலி சொன்ன இருவர் முறையும் நிறைவேறும். வீட்டின் வரவு செலவும் இளையோருக்கு விளங்கும். சங்கத்திலுள்ள தங்கள் பங்குத் தொகை, கடன் பாக்கி, வைப்புத் தொகை ஆகியவற்றையும் இவ்வாறே ஒப்பிட்டு, ஐயம் இருப்பின் சங்கக் காரியதரிசியிடம் கேட்டுத் தெளிவது ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உள்ள உரிமையாகும். கேட்கப்படும் கணக்கே ஒழுங்காக இருக்கும்.

பாவில் ஓர் இழை அறுந்ததைக் கண்ட உடனே முடிந்துவிட்டால் வேலை நொடியில் தீர்கிறது. பல முழம் நெய்து சென்ற பின்பு கண்டால் துணியே பழுதாகிவிடுகிறது. கணக்கும் அவ்வாறே. இம்மாத முடிவில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கி, முதல் ஒப்பீட்டைச் செய்து பார்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.